காற்றில் கலந்த சொல் – 9: ஏழு விநாடி

சென்ற வாரம் ஆர்சன் வெல்ஸின் செவ்வாய்க்கிரக நாடகத்தைப் பார்த்தோம். 1938 அக்டோபர் 30 இரவு நேயர்களைக் கிலி பிடிக்க வைத்துவிட்டு, மறுநாள் பத்திரிகையாளர்கள் முன்னால் முகம் தொங்கப்போட்டு நின்ற அந்த 23 வயது இளைஞருக்கு வேலை போகவில்லை. சில வாரங்களிலேயே கேம்ப்பெல் சூப் நிறுவனம் விளம்பரதாரராக வந்து சேர்ந்தது. காற்றில் வம்பு செய்தவருக்கு வெகுமதி கிடைத்த கதை அது. இந்த வாரம் வேலை போனவர்களின் கதை.

2004 டிசம்பர் 26-க்குப் பிந்தைய நாட்களை நம் ஊரில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேல். இந்தியப் பெருங்கடலைச் சுற்றிய நாடுகளையெல்லாம் கூட்டினால் இரண்டு லட்சத்தைத் தாண்டிய சாவு. அக்கரைப்பேட்டைக்கும் கீச்சாங்குப்பத்துக்கும் அந்த ஆண்டு பொங்கல் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

அந்தப் பொங்கல் கழிந்த வாரத்தில், நியூயார்க்கில் ஒரு பாட்டு ஒலிபரப்பானது.

ஹாட் 97 என்பது நிலையத்தின் பெயர். ஹிப்ஹாப் இசைக்கு அமெரிக்கா முழுக்கப் பேர்போன எஃப்.எம். 'மிஸ் ஜோன்ஸ் இன் த மார்னிங்' என்பது அதன் காலை நிகழ்ச்சி. அலுவலகத்துக்குக் கார் ஓட்டிப் போகிறவர்களைச் சிரிக்கவைத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் காலை நிகழ்ச்சிகளின் வேலை. சிரிக்கவைக்க அன்று அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் சுனாமி. எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்டுவதற்காக 1985-இல் மைக்கேல் ஜாக்சனும் லயனல் ரிச்சியும் எழுதிய 'வீ ஆர் த வேர்ல்ட்' பாட்டின் மெட்டு. பசித்த பிள்ளைகளுக்காகப் பிறந்த மெட்டில், மூழ்கிப்போன பிள்ளைகளைப் பற்றிய நக்கல். செத்தவர்களை இன வசைச்சொல்லால் விளித்து, தாய் தகப்பனை இழந்த குழந்தைகளை அடிமைகளாக விற்பதைச் சொல்லிச் சிரித்தது அந்தப் பாட்டு.

யாரோ மைக் முன்னால் நிலைதடுமாறி உளறியதல்ல இது. ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். மெட்டுக்குள் சொற்களை அடக்கிப் பார்த்திருக்கிறார். பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள். கலந்து, சரிபார்த்து, ஒலிபரப்பி, அடுத்தடுத்த நாட்களிலும் மறுபடி போட்டிருக்கிறார்கள்.

அதே ஸ்டுடியோவில் மிஸ் இன்ஃபோ என்ற பெயரில் சினிமா, இசையுலகச் செய்திகள் சொல்லிவந்த ஒரு பெண் இருந்தார். மின்யா ஓ என்பது அவர் இயற்பெயர். கொரிய வம்சாவளி. இந்தப் பாட்டில் தனக்குப் பங்கில்லை, இது தப்பு என்று மைக்கிலேயே சொன்னார். நிகழ்ச்சியின் நாயகி அவர்மேல் பாய்ந்தார். நீ ஆசியப் பெண் என்பதால்தான் உனக்கு இவ்வளவு ரோஷம் என்கிற தொனியில் வார்த்தைகள் வந்தன. உடனிருந்த டாட் லின் என்ற நகைச்சுவைக் கலைஞர் அதற்கும் ஒரு படி மேலே போய், ஆசியர்களுக்கு எதிரான வன்முறையையே வேடிக்கையாகப் பேசினார். எல்லாம் நேரலையில்.

நியூயார்க்கின் ஆசிய வம்சாவளியினர் நிலையத்தின் வாசலில் கூடினார்கள். ஸ்பிரிண்ட், மெக்டொனால்ட்ஸ் போன்ற பெரிய விளம்பரதாரர்கள் பின்வாங்கினார்கள். முதலில் மன்னிப்பு வந்தது, பிறகு இடைநீக்கம். பிப்ரவரி தொடக்கத்தில் நிலையத்தின் உரிமையாளரான எம்மிஸ் நிறுவனம் தீர்ப்புச் சொன்னது. டாட் லினுக்கும், ரிக் டெல்கடோ என்ற தயாரிப்பாளருக்கும் வேலை போனது. நிகழ்ச்சிக்குப் பெயர் தந்த மிஸ் ஜோன்ஸ் இரண்டு வார இடைநீக்கம் முடிந்து திரும்பி வந்தார்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். வானொலியில் வழக்கமாக அம்புக்குத்தான் வேலை போகிறது.

*

புண்படுத்தும் ஜோக் அடித்த தொகுப்பாளரை வீட்டுக்கு அனுப்பலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. ஒரு ஜோக்குக்காக ஒருவர் பிழைப்பில் மண் போடுவதா என்று ஒரு கட்சி கேட்கும். இப்படிப்பட்டவர் குரலை நாளைக் காலையும் நாங்கள் கேட்க வேண்டுமா என்று இன்னொரு கட்சி கேட்கும். இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் இரண்டுமே ஒரே ஆளின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. வானொலிச் சொல் வாயிலிருந்து நேராகக் காதுக்கு வருவதில்லை என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

நேரலைப் பேச்சு நிகழ்ச்சி நடத்தும் நிலையங்கள் பலவற்றில் ஒரு தாமதக் கருவி உண்டு. பேசுவது உடனே காற்றில் ஏறாமல் சில விநாடிகள் கருவிக்குள் காத்திருக்கும். வழக்கில் அதற்கு 'ஏழு விநாடி' என்றே பெயராகிவிட்டது. ஆரம்பத்தில் இதைக் காந்த நாடாவால் செய்தார்கள். ஓரிடத்தில் பதிவாகும் பேச்சு, நாடா சுற்றிக்கொண்டுபோய் அடுத்த இடத்தைத் தொடும்போது ஒலிபரப்பாகும். நாடா கடக்கும் தூரம்தான் தாமதம். பின்னால் மின்னணு நினைவகம் வந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் முன்னால் ஒரு பொத்தான். நேயர் யாராவது தொலைபேசியில் கெட்ட வார்த்தை பேசிவிட்டால் பொத்தானை அழுத்தினால் போதும், கருவிக்குள் காத்திருக்கும் விநாடிகள் அப்படியே குப்பைக்குப் போகும். பிறகு கருவி ஒரு தந்திரம் செய்யும். பேச்சுக்கு நடுவே உள்ள சின்னச் சின்ன மௌனங்களைக் காதுக்குத் தெரியாமல் நீட்டி நீட்டி, இழந்த ஏழு விநாடியை மறுபடி சேமித்துக்கொள்ளும்.

ஆக, சொன்னவருக்கும் கேட்டவருக்கும் நடுவே எப்போதும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. நேரலையில் அது ஏழு விநாடி. பதிவு நிகழ்ச்சியில் இரண்டு நாள். ஒருவரைப் பல்லாண்டு ஒப்பந்தம் போட்டு வளர்த்துவிட்ட நிலையத்தில் முப்பது ஆண்டுகூட இருக்கலாம். வேலையைப் பறிப்பதா வேண்டாமா என்று கேட்பதற்கு முன்னால் நான் இரண்டு விஷயங்களைத்தான் கேட்பேன். அந்தச் சொல்லுக்கும் காதுக்கும் நடுவே எவ்வளவு நேரம் இருந்தது? அந்த நேரம் யார் கையில் இருந்தது?

இந்த இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு, வானொலி வரலாற்றின் மிகப் பிரபலமான வேலைநீக்கத்தைப் பார்ப்போம்.

*

டான் ஐமஸ். கௌபாய் தொப்பி, கரகரத்த குரல், யாரையும் விட்டுவைக்காத வாய். நியூயார்க்கின் டபிள்யூ.எஃப்.ஏ.என். நிலையத்திலிருந்து கிளம்பிய அவர் காலை நிகழ்ச்சி அமெரிக்கா முழுக்க ஒலித்தது. எம்.எஸ்.என்.பி.சி. தொலைக்காட்சி அதை அப்படியே படம்பிடித்து நேரலையில் காட்டியது. கேவலமான ஜோக்குகளுக்கு நடுவே நாட்டின் பெரிய தலைகள் வந்து அரசியல் பேசிவிட்டுப் போவார்கள். ஜான் மெக்கெய்ன், ஜான் கெர்ரி போன்ற செனட்டர்களுக்கு அது வழக்கமான மடம். புத்தகம் எழுதிய பத்திரிகையாளர்களுக்கு அங்கே ஓர் அழைப்புக் கிடைத்தால் விற்பனை ஏறும்.

2007 ஏப்ரல் 3. அமெரிக்கக் கல்லூரி மகளிர் கூடைப்பந்து இறுதிப்போட்டி. நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக அணி 46-க்கு 59 என்ற கணக்கில் டென்னசியிடம் தோற்றது. அணியின் பத்துப் பெண்களில் எட்டுப் பேர் கறுப்பினத்தவர். ஐந்து பேர் முதலாண்டு மாணவிகள். அந்தப் பருவத்தைத் தடுமாற்றத்தோடு தொடங்கி, யாரும் எதிர்பாராமல் இறுதிப்போட்டி வரை வந்தவர்கள்.

மறுநாள் காலை நிகழ்ச்சியில் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்தப் பெண்கள் முரட்டுத்தனமாக இருந்தார்கள் என்றார் ஐமஸ். தயாரிப்பாளர் பெர்னார்ட் மெக்கிர்க் ஒரு கொச்சை வார்த்தையை எடுத்துக்கொடுத்தார். ஐமஸ் அதைப் பிடித்துக்கொண்டு, கறுப்பினப் பெண்களின் சுருட்டை முடியைப் பழிக்கும் சொல்லையும் உடலை விற்பவர்கள் என்று பொருள்படும் சொல்லையும் சேர்த்து அவர்களைக் குறிப்பிட்டார். ஸ்டுடியோவில் சிரிப்பு. பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

அதன் பிறகு நடந்ததை நாள்வாரியாகப் பார்க்க வேண்டும். 6-ஆம் தேதி ஐமஸ் மன்னிப்புக் கேட்டார். 9-ஆம் தேதி கறுப்பினத் தலைவர் ஆல் ஷார்ப்டனின் வானொலி நிகழ்ச்சிக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்றே இரண்டு வார இடைநீக்கம் அறிவிக்கப்பட்டது. 10-ஆம் தேதி ரட்கர்ஸ் பயிற்சியாளர் விவியன் ஸ்டிரிங்கர் தன் அணியோடு பத்திரிகையாளர்கள் முன்னால் வந்தார். அந்த நிமிடம் வரை அது ஒரு கொச்சை வார்த்தைப் பிரச்சினையாகத்தான் இருந்தது. பத்துப் பெண்கள் சீருடையோடு உட்கார்ந்து பெயரும் படிப்பும் சொல்லிப் பேசியபோது, அந்த வார்த்தைக்கு முகம் முளைத்தது. பிராக்டர் அண்ட் கேம்பிள், ஸ்டேப்பிள்ஸ், ஜெனரல் மோட்டார்ஸ், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்று விளம்பரதாரர்கள் வரிசையாக விலகினார்கள். 11-ஆம் தேதி எம்.எஸ்.என்.பி.சி. கைகழுவியது. 12-ஆம் தேதி மாலை, வானொலி நிலையத்தின் உரிமையாளரான சி.பி.எஸ். நிறுவனத்தின் தலைவர் லெஸ்லி மூன்வெஸ் வேலைநீக்கத்தை அறிவித்தார்.

அதே 12-ஆம் தேதி இரவுதான் ஐமஸ் அந்தப் பெண்களை நேரில் சந்திப்பதாக ஏற்பாடாகியிருந்தது. பிரின்ஸ்டனில் உள்ள ஆளுநர் மாளிகையில் சந்திப்பு. அதில் கலந்துகொள்ள விரைந்துவந்த ஆளுநர் ஜான் கோர்சைன் வழியில் கார் விபத்தில் சிக்கிப் படுகாயமடைந்தார். சந்திப்பு மட்டும் நடந்தது. அடுத்த நாள் ஸ்டிரிங்கர், மன்னிப்பை அணி ஏற்றுக்கொள்கிறது என்று அறிவித்தார். ஐமஸை வேலையை விட்டு எடுக்கும்படி அந்தப் பெண்கள் கேட்கவும் இல்லை.

எனக்கு இந்தக் கதையில் உறுத்தும் இடம் இதுதான். புண்பட்டவர்கள் மன்னிப்பைக் காதால் கேட்பதற்கு முன்பே தண்டனை எழுதப்பட்டுவிட்டது. மன்னிப்பு நடந்துவரும் வேகம் வேறு, விளம்பரக் காசு ஓடிப்போகும் வேகம் வேறு.

ஐமஸ் செய்தது சின்னத் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. கறுப்பினப் பத்திரிகையாளர் க்வென் ஐஃபில் நியூயார்க் டைம்ஸுக்காக வெள்ளை மாளிகைச் செய்திகளைச் சேகரித்துக்கொண்டிருந்த 1990-களிலேயே, அவரைத் துப்புரவுப் பணிப்பெண்ணோடு ஒப்பிட்டவர் இந்த ஐமஸ். 2007 ஏப்ரல் 10 அன்று அதே நாளிதழில் ஐஃபில் அதைப் பற்றி எழுதினார். தான் வளர்ந்த பெண், தாங்கிக்கொள்ளத் தெரியும், இந்தக் கல்லூரிப் பெண்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் அந்தக் கட்டுரையின் சாரம். யூதர்கள், பெண்கள், தன்பால் விருப்பமுள்ளவர்கள் என்று ஐமஸின் நிகழ்ச்சியில் அடிபடாதவர்கள் குறைவு. ஆக அன்று காலை தவறிவிழுந்த வார்த்தை தவறி விழவில்லை. ஆண்டுக்கணக்கில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி வழக்கமான தடத்தில்தான் போயிற்று.

அந்த வண்டிக்கு டீசல் ஊற்றியவர்கள் யார்? ஐமஸின் வழக்கறிஞர் மார்ட்டின் கார்பஸ் சி.பி.எஸ்.ஸுக்கு எதிராக எடுத்துவைத்த வாதங்கள் இங்கே சுவையானவை. அடங்காத பேச்சும் சர்ச்சையும்தான் ஐமஸிடம் நிறுவனம் எதிர்பார்க்கிறது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது என்றார் அவர். நான்கு கோடி டாலர் பெறுமான, ஐந்தாண்டு ஒப்பந்தம். அடுத்து, தாமதப் பொத்தான் உங்களிடம்தானே இருந்தது, ஏன் அழுத்தவில்லை என்று கேட்டார். பணத்துக்காக வாதாடும் வழக்கறிஞரின் கேள்விதான். ஆனாலும் சரியான கேள்வி. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவருக்கு அன்று விரல் அசையவில்லை, ஏனென்றால் அந்த வார்த்தையில் அவருக்கு எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. அந்த நிகழ்ச்சியில் அது வழக்கமான புதன்கிழமை.

ஆகஸ்டில் இரு தரப்பும் சமரசம் பேசி முடித்துக்கொண்டன. டிசம்பர் 3-ஆம் தேதி ஐமஸ் இன்னொரு நியூயார்க் நிலையமான டபிள்யூ.ஏ.பி.சி.யில் மறுபடி மைக் பிடித்தார். இந்த முறை பக்கத்தில் இரண்டு கறுப்பின நகைச்சுவைக் கலைஞர்கள். 2018 வரை அங்கே ஓட்டினார், 2019 டிசம்பரில் இறந்தார். அவரை நீக்கிய மூன்வெஸ், பெண்கள் பலர் பாலியல் புகார்கள் சொன்னதைத் தொடர்ந்து 2018 செப்டம்பரில் சி.பி.எஸ்.ஸை விட்டு வெளியேறினார். பெண்களின் மானம் பற்றி 2007-இல் பேசிய நாற்காலியில் இருந்தவர் யார் என்று தெரிந்துகொள்ள உலகத்துக்குப் பதினொரு ஆண்டு பிடித்தது.

*

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் சட்டம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

1973 அக்டோபரில் ஒரு பிற்பகல், நியூயார்க்கின் டபிள்யூ.பி.ஏ.ஐ. நிலையம் ஜார்ஜ் கார்லின் என்ற நகைச்சுவைக் கலைஞரின் ஒலித்தட்டைப் போட்டது. காற்றில் சொல்லக்கூடாத கெட்ட வார்த்தைகளையே கருவாக வைத்த நகைச்சுவை அது. மகனோடு காரில் போனபோது கேட்க நேர்ந்ததாக ஒரு தகப்பன் புகார் கொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. குழந்தைகள் கேட்கக்கூடிய நேரத்தில் இப்படிப்பட்ட சொற்களைக் கட்டுப்படுத்த அரசின் ஒலிபரப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்று 1978-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. 2006-இல் இந்தக் குற்றத்துக்கான உச்சபட்ச அபராதத்தை அமெரிக்க நாடாளுமன்றம் பத்து மடங்காக்கி 3,25,000 டாலர் என்று நிர்ணயித்தது.

ஆனால் அந்த அபராதம் காமத்தையும் கழிவையும் குறிக்கும் கொச்சைக்கு மட்டும். ஓர் இனத்தையே இழிவுபடுத்தும் பேச்சு பேச்சுரிமைக்குள் அடங்கிவிடும். மலத்தைக் குறிக்கும் நான்கெழுத்துக்கு அபராதம் உண்டு, மூழ்கிச் செத்த இரண்டு லட்சம் பேரைப் பார்த்துச் சிரிப்பதற்குக் கிடையாது. அரசு கை வைக்காத அந்த வெற்றிடத்தில்தான் விளம்பரதாரர் நீதிபதியாக வந்து உட்கார்ந்துகொள்கிறார். அந்த நீதிபதிக்குச் சட்டப்புத்தகம் கிடையாது. ஊர் எவ்வளவு உரக்கக் கத்துகிறது என்பதுதான் அவருடைய ஒரே சாட்சியம். கத்தத் தெரியாதவர்களை, கத்தினாலும் காதில் விழாத தூரத்தில் இருப்பவர்களை, எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்துகொள்ளலாம் என்றாகிவிடுகிறது. ஹாட் 97-க்குக் கணக்குத் தப்பியது, நியூயார்க்கில் ஆசியர்கள் நிறையப் பேர் இருந்ததால். நாகப்பட்டினத்துக் குரல் மட்டும் என்றால் ஹட்சன் ஆற்றங்கரைக்குக் கேட்டிருக்குமா?

விளம்பரமே இல்லாத வானொலியில் நிலைமை எப்படி? பி.பி.சி.யைப் பார்க்கலாம்.

2008 அக்டோபர் 18 இரவு, பி.பி.சி. ரேடியோ 2-இல் ரஸ்ஸல் பிராண்ட் நிகழ்ச்சி. விருந்தினர் ஜோனதன் ராஸ். 'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடரில் மானுவல் என்ற அப்பாவிப் பணியாளாக நடித்து ஊரைச் சிரிக்கவைத்த ஆண்ட்ரூ சாக்ஸுக்கு இருவரும் தொலைபேசியில் அழைத்தார்கள். அவர் எடுக்கவில்லை. பதிவுக் கருவியில் பேசினார்கள். அவருடைய பேத்திக்கும் பிராண்டுக்கும் இருந்த உறவைப் பச்சையாகச் சொல்லி, திரும்பத் திரும்ப அழைத்து, மன்னிப்புக் கேட்பதாகச் சொல்லி அதையும் கேலியாக்கினார்கள். சாக்ஸுக்கு அப்போது வயது 78. சிறுவனாக இருந்தபோது நாஜிகளுக்குத் தப்பி பெர்லினிலிருந்து குடும்பத்தோடு ஓடிவந்தவர்.

இந்த நிகழ்ச்சி நேரலை இல்லை. 16-ஆம் தேதி பதிவாகி, 18-ஆம் தேதி ஒலிபரப்பானது. ஏழு விநாடிக்குப் பதிலாக இரண்டு முழு நாட்கள் இருந்தன. கேட்டார்கள், சரி என்றார்கள், போட்டார்கள். ஒலிபரப்பான கையோடு வந்த புகார்கள் இரண்டே இரண்டு. எட்டு நாள் கழித்து ஒரு ஞாயிறு செய்தித்தாள் விஷயத்தை எடுத்துப் போட்டது. புகார்கள் நாற்பதாயிரத்தைத் தாண்டின. அதில் பெரும்பாலோர் நிகழ்ச்சியைக் கேட்காதவர்கள் என்பது கணக்குப் போட்டாலே தெரியும்.

பிராண்ட் பதவி விலகினார். ராஸுக்குச் சம்பளமில்லாத பன்னிரண்டு வார இடைநீக்கம். ஆனால் இங்கே ஒரு வித்தியாசம். ரேடியோ 2-இன் தலைமைப் பொறுப்பில் இருந்த லெஸ்லி டக்ளஸும் ராஜினாமா செய்தார். அம்புகளோடு வில்லும் இறங்கியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் பி.பி.சி.க்கு 1,50,000 பவுண்டு அபராதம் விதித்தது. நிகழ்ச்சியின் தயாரிப்பில் பிராண்டின் சொந்த நிறுவனத்துக்கே பங்கிருந்ததையும், அவரைத் தட்டிக்கேட்கும் நிலையில் யாரும் இல்லாமல் போனதையும் சுட்டிக்காட்டியது. அபராதப் பணம் எங்கிருந்து போனது தெரியுமா? பி.பி.சி.க்கு வரும் உரிமக் கட்டணத்திலிருந்து. அதாவது புகார் கொடுத்த நாற்பதாயிரம் பேரின் சட்டைப்பையிலிருந்து.

*

நம் நாட்டுக்கு வருவோம். 2007 செப்டம்பரில் 'இந்தியன் ஐடல்' மூன்றாம் பருவத்தை வென்றவர் பிரசாந்த் தமாங். டார்ஜீலிங்கைச் சேர்ந்த கூர்க்கா இளைஞர், கொல்கத்தா போலீஸில் கான்ஸ்டபிள். மலை முழுக்கக் கொண்டாட்டம். டெல்லியில் ஒரு தனியார் எஃப்.எம். தொகுப்பாளர், கூர்க்காக்கள் எல்லாம் பாடப் போய்விட்டால் நம் வீட்டு வாசலை யார் காவல் காப்பது என்கிற ரீதியில் ஒரு ஜோக் அடித்தார். இதே ஜோக்கை நம் வீட்டுத் திண்ணையில் யாராவது சொன்னால் நாலு பேர் சிரித்திருப்பார்கள், பேச்சு அதோடு போயிருக்கும். காற்றில் ஏறிய ஜோக் டார்ஜீலிங் மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. செப்டம்பர் 28 அன்று சிலிகுரியில் கண்டன ஊர்வலம் கலவரமாக வெடித்தது. ஊரடங்குச் சட்டம் போட்டு, ராணுவத்தைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

இந்தியாவில் தனியார் எஃப்.எம். நிலையங்கள் ஆகாசவாணியின் நிகழ்ச்சி விதிகளைப் பின்பற்றக் கட்டுப்பட்டவை. எந்தச் சமூகத்தையும் மதத்தையும் தாக்கக்கூடாது என்பது அதில் உள்ளது. அமெரிக்காவில் இல்லாத சட்டம் நமக்கு இருக்கிறது. ஆனால் சட்டம் இருந்தும் அந்த ஜோக் காற்றில் ஏறிவிட்டது. கூர்க்கா என்றாலே காவலாளிதான் என்ற எண்ணம் அந்த நிலையத்தில் மட்டும் இல்லை, நம் சினிமாவிலும் நம் தெருவிலும் அப்படியே இருந்தது. பொத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் நம் தெருக்காரர்தான்.

*

அப்படியானால் என் தீர்ப்பு என்ன? சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மைக் யாருடைய பிறப்புரிமையும் இல்லை. அலைவரிசை பொதுச்சொத்து என்று நம் உச்ச நீதிமன்றம் 1995-இல் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் சொன்னது. பொதுக் கிணற்றில் இறைக்கிறவருக்கு அதில் எச்சில் துப்பும் உரிமை கிடையாது. ஆகவே தொகுப்பாளரை நீக்கவே கூடாது என்ற கட்சியில் நான் இல்லை.

ஆனால் நேரலையில் முதல் முறையாக நாக்கு பிசகியவருக்கு வேலைநீக்கம் அதிகம். நாள்முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பது அவர் தொழில். மௌனமாக இருந்தால் சம்பளம் கிடையாது. கயிற்றின்மேல் நடக்கிறவன் ஒருநாள் விழுவான். அப்படி விழுந்தவர் புண்பட்டவர்களின் முகத்தை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்கட்டும், அதற்குக் கால அவகாசம் கிடைக்கட்டும். ரட்கர்ஸ் பெண்களுக்கு அந்த இரவில் கிடைத்தது ஒரு பதவிநீக்கச் செய்தியைவிடப் பெரியது என்று நான் நம்புகிறேன்.

எழுதிப் பதிவு செய்து போட்டதென்றால் கணக்கு வேறு. அங்கே வேலை போவதாக இருந்தால், வரிசை மேலிருந்து தொடங்க வேண்டும். கடைசியாகக் கேட்டு, சரி என்று தலையாட்டியவர் முதலில். எழுதிக்கொடுத்தவர் கடைசியில்.

ஆண்டுக்கணக்கில் இதையே விற்றுக் காசு பார்த்த நிலையமென்றால், தொகுப்பாளரை மட்டும் அனுப்பிவிட்டுக் கை கழுவுவதை நான் தண்டனை என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பெயர் சரக்கு மாற்றுவது. ஐமஸ் போன இடத்தில் கடை நடந்துகொண்டுதான் இருந்தது. ஐமஸும் தெரு தாண்டி வேறு கடை போட்டார்.

யாரோ ஒருவர் முகத்துக்கு நேராக 'இது தப்பு' என்று சொன்ன பிறகும் அதையே செய்தவருக்கு? அவருக்கு என்னிடம் சலுகை எதுவும் இல்லை. அவருக்கு நேரமும் இருந்தது, எச்சரிக்கையும் கிடைத்தது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஹாட் 97-இல் தீர்ப்பு தலைகீழாக எழுதப்பட்டது. பாட்டு எழுதியவருக்கும் தாளம் போட்டவருக்கும் வேலை போனது. பக்கத்து மைக்கில் ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னதைக் காதால் கேட்டு, அவளையே கேலியாக்கிய நிகழ்ச்சிக்காரிக்கு இரண்டு வாரம்.

அந்தப் பெண்ணை நினைத்துப் பார்க்கிறேன். அவருக்கும் அங்கேதான் சம்பளம். எதிரே இருப்பவர் நிகழ்ச்சியின் முதலாளி மாதிரி. மைக் திறந்திருக்கிறது. சிரித்துவிட்டுப் போயிருக்கலாம், அல்லது தலையைக் குனிந்துகொண்டு அடுத்த செய்தியைப் படித்திருக்கலாம். அவர் பேசினார். கருவியால் செய்ய முடியாத வேலை அது. கருவிக்கு வார்த்தை தெரியாது, யாராவது ஒருவர் கேட்டு முகம் சுளித்தால்தான் பொத்தான் அமுங்கும். அன்று அந்த நிலையத்தில் முகம் சுளிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் கைக்கு எட்டும் தூரத்தில் பொத்தான் இல்லை.

வேலைநீக்கம் பற்றிய விவாதம் ஓய்ந்த பிறகு ஒரு நிலையம் கேட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான்: நம் ஸ்டுடியோவில் அப்படி ஒருவர் இருக்கிறாரா, அவரைப் பொத்தானுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறோமா?

அடுத்த வாரம், 2012 டிசம்பரில் சிட்னியிலிருந்து லண்டன் மருத்துவமனை ஒன்றுக்குப் போன ஒரு விளையாட்டுத் தொலைபேசி அழைப்பு. எடுத்தவர் கர்நாடகக் கடற்கரையோரத்திலிருந்து போன ஒரு செவிலியர். அதுவும் நேரலை இல்லை. பதிவுசெய்து, நிலையத்தார் ஒப்புதல் தந்த பிறகு ஒலிபரப்பானது.

(தொடரும்)